ஜீரோ கே.பி.பி.எஸ்! பூட்டியிருக்கிறது யார் வீட்டுக் கதவு?



"அண்ணா, லேப்டாப்பை ஃபார்மட் பண்ணிடவா?"

போன சனிக்கிழமை காலையில், பல் விளக்கக்கூட விடாமல் வந்த போன் இது. பேசியது திருநெல்வேலிப் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் ஃபைனல் இயர் படிக்கிற தம்பி. குரலில் அழுகைக்கு அரை இன்ச் முன்னாடி நிற்கிற ஒரு நடுக்கம். திங்கட்கிழமை பிராஜெக்ட் ரிவ்யூவாம்.

விஷயம் இதுதான். வாழை இலையைப் போட்டோ எடுத்தால் என்ன நோய் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். அதுதான் பிராஜெக்ட். தோட்டம் தோட்டமாக அலைந்து ஆயிரக்கணக்கில் போட்டோ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நோயின் பெயரை எழுதிவைத்தவர் இவனுடைய சீனியர். அவர் படிப்பை முடித்துவிட்டு இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறார். மொத்தம் 38 ஜி.பி. ஓசியில் கிடைக்கிற ஆன்லைன் டிரைவில் 15 ஜி.பி.க்கு மேல் இடம் இல்லை. பென் டிரைவில் போட்டு கூரியர் பண்ண நேரமும் இல்லை. "டோரண்ட்டா போட்டுத் தரேன், எடுத்துக்கோடா"ன்னு சீனியர் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

தம்பி எடுக்க உட்கார்ந்தால் 'ஸ்டால்டு'. ஒரு நாள் பூராவும் ஸ்டால்டு. அன்இன்ஸ்டால் பண்ணி இன்ஸ்டால் பண்ணியிருக்கிறான், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. யாரோ சொன்னார்கள் என்று 'ஸ்பீட் பூஸ்டர்' என்று ஒரு வஸ்துவை இறக்கி, அது பிரவுசருக்குள் நான்கு விளம்பர டூல்பாரை நட்டுவிட்டுப் போயிருக்கிறது. அடுத்தது ஃபார்மட்தான் என்று முடிவு பண்ணும்போதுதான் என் ஞாபகம் வந்திருக்கிறது.

"தம்பி, எதையும் தொடாதே. முதல்ல போய் டீ குடி"ன்னு சொல்லிட்டு நானும் பல் விளக்கப் போனேன்.

எனக்கு இது பழைய வலி. 2006-ல் எங்கள் வீட்டில் 256 கே.பி.பி.எஸ் பிராட்பேண்ட். ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரைக்கும் எவ்வளவு இறக்கினாலும் காசு கிடையாது. அலாரம் வைத்து எழுந்து, கழுதைப் படம் போட்ட ஈ-மியூலைத் திறந்தால், 'லோ ஐடி' என்று ஒரு வரி வந்து நிற்கும். அதற்கு அர்த்தம் தெரியாமலேயே ஒரு செமஸ்டரை ஓட்டியிருக்கிறேன். ஒரு முழு செமஸ்டர்! அந்த வரியில்தான் பதிலே இருந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. தம்பிக்கும் அதே கேஸ்தான், பெயர் மட்டும் வேற.

முதலில் டோரண்ட் எப்படி நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுவோம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டலை நினைத்துக்கொள்ளுங்கள். கிளாஸ் டாப்பரிடம் 300 பக்க நோட்ஸ் இருக்கிறது. எல்லோரும் அவர் ரூம் வாசலிலேயே கியூ கட்டினால் விடிந்துவிடும். அதனால் ஆளுக்கு நான்கு பக்கம் வேறு வேறாக வாங்கிக்கொண்டு, அப்புறம் உங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றி காப்பி அடிக்கிறீர்கள். அவ்வளவுதான் டோரண்ட். முழு நோட்ஸும் கையில் வைத்திருக்கிறவர் 'சீட்'. பாதி வைத்துக்கொண்டு மீதிக்கு அலைகிறவர் 'பியர்'. யார் யாரிடம் இருக்கிறது, எந்த ரூம் என்று லிஸ்ட் வைத்திருக்கிற கிளாஸ் ரெப்தான் 'டிராக்கர்'. கவனியுங்க, ரெப் கையில் நோட்ஸ் கிடையாது, அட்ரஸ் மட்டும்தான். ரெப் தூங்கிப் போய்விட்டால் காரிடாரில் ஒவ்வொரு கதவாகத் தட்டி "உனக்குத் தெரியுமா, உனக்குத் தெரிஞ்சவனுக்குத் தெரியுமா?" என்று விசாரிப்போம் இல்லையா, அதுதான் டி.ஹெச்.டி. ப்ராம் கோஹன் என்ற அமெரிக்கர் 2001-ல் பிட்டோரண்ட்டை வெளியிட்டார். டி.ஹெச்.டி. வந்து சேர்ந்தது 2005-ல்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கணக்கு முத்திரை உண்டு. பக்கம் கிழிந்தோ மாறியோ வந்தால் முத்திரை ஒத்துப்போகாது, அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். ஹாஸ்டல் வைஃபையில் 6 ஜி.பி. உபுண்டுவை பிரவுசரில் இறக்கி, 97 சதவீதத்தில் 'ஃபெயில்டு' வாங்கியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சரி, தம்பி டீ குடித்துவிட்டு வந்துவிட்டான்.

"டெபியன் சைட்டுக்குப் போ. அங்க டோரண்ட் ஃபைல் இருக்கும். அதைப் போட்டு ஓடுதான்னு பார்."

"அண்ணா, எனக்கு டெபியன் வேண்டாம்ணா, வாழை இலைதான் வேணும்."

"போடுடா!"

இது ரொம்ப முக்கியமான டெஸ்ட் பாஸ். மெயின் ஸ்விட்சா, பல்பா என்று பார்க்க, நல்லா எரிகிற பல்பை மாட்டிப் பார்ப்பது மாதிரி. டெபியன், உபுண்டு மாதிரி லினக்ஸ் டோரண்ட்டுகளுக்கு எந்த நேரத்திலும் நிறைய சீட் இருக்கும். சட்டப்படியும் வில்லங்கம் இல்லை. அது ஓடினால் உங்கள் சாஃப்ட்வேர், உங்கள் நெட், எல்லாம் அடிப்படையில் சரி. கோளாறு அந்தக் குறிப்பிட்ட டோரண்ட்டில் அல்லது அதை வைத்திருக்கிற ஆளிடம். அதுவும் ஓடவில்லையா? அப்போதுதான் உங்கள் பக்கம் தோண்ட வேண்டும். இந்த ஒரு டெஸ்ட்டைச் செய்யாமல் ஃபார்மட் வரைக்கும் போன புண்ணியவான்கள் எத்தனையோ பேர்.

தம்பியின் வீட்டு பிராட்பேண்டில் டெபியன் செகண்டுக்கு 5 எம்.பி. வேகத்தில் ஓடியது. "என்னண்ணா, 40 எம்.பி. பிளான்ல வெறும் 5 எம்.பி. வருது?" என்று அதிலும் ஒரு குறை. 40 என்பது மெகாபிட், 5 என்பது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். எட்டால் வகுத்தால் 5. முழுசாக வருகிறது ராசா!

ஆக, டோரண்ட் டப்பாவில் பிரச்னை இல்லை. அடுத்து வாழை இலையைப் பார்த்தோம். லிஸ்ட்டில் சீட் எண்ணிக்கை '0 (1)' என்று காட்டியது. அடைப்புக்குள் இருக்கிற 1, ரெப் சொல்கிற கணக்கு: ஊரில் இதை வைத்திருப்பவர் ஒருவர். வெளியே இருக்கிற 0, நம்மோடு நிஜமாகக் கைகுலுக்கியவர் யாரும் இல்லை என்பது. இந்த இரண்டு எண்ணையும் படிக்கத் தெரிந்தாலே பாதி டாக்டர் ஆகிவிடலாம். '0 (0)' என்றால் ஃபைலை வைத்திருப்பவர் யாருமே ஆன்லைனில் இல்லை. தலைகீழாக நின்றாலும் வராது. 'அவைலபிலிட்டி' என்று ஒரு எண் காட்டும். அது 1-க்குக் கீழே, 0.97 என்று இருந்தால், இருக்கிற எல்லோரையும் கூட்டிப் பார்த்தாலும் நோட்ஸில் சில பக்கம் காணோம் என்று அர்த்தம். 97 சதவீதத்தில் நிற்கும், அப்புறம் நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். அதற்கு செட்டிங்ஸில் மருந்து கிடையாது.

ஆனால் இங்கே '0 (1)'. சீனியர் இருக்கிறார், ஓசூரில் லேப்டாப் ஓடுகிறது, போன் போட்டுக் கேட்டாச்சு. அட்ரஸ் தெரியும், ஆனால் போய்ச் சேர முடியவில்லை. ஏன்?

இங்கதான் வாட்ச்மேன் வருகிறார்.

உங்கள் வீட்டு ரவுட்டருக்கு வெளியுலகத்தில் ஒரே ஒரு அட்ரஸ்தான். உள்ளே உங்கள் லேப்டாப், அப்பா போன், அக்கா போன், டிவி என்று ஏழெட்டு பேர். ரவுட்டர் ஒரு கறார் வாட்ச்மேன். நீங்கள் வெளியே போய் யாரையாவது கூப்பிட்டால், "12-ம் ரூம் பையன் போனான்" என்று எழுதிவைத்துக்கொண்டு, பதில் வந்தால் சரியாக உங்களிடம் அனுப்புவார். ஆனால் முன்பின் தெரியாத ஆள் திடீரென்று வாசலில் நின்று "ஒருத்தரைப் பார்க்கணும்"னு சொன்னால், "யாரைப் பார்க்கணும்னு தெரியாதா? கிளம்பு"ன்னு விரட்டிவிடுவார். அதாவது நீங்கள் வெளியே போகலாம், வெளியாள் உள்ளே வர முடியாது. டோரண்ட் உலகத்தில் இதற்குப் பெயர்தான் மூடின கதவு.

மூடின கதவோடு இருந்தால் டவுன்லோடே ஆகாது என்று ஒரு மூடநம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. அப்படி இல்லை. நீங்கள் வெளியே போய், திறந்த கதவு வைத்திருப்பவர்களிடம் தாராளமாக வாங்கலாம். டெபியன் மாதிரி ஆயிரம் பேர் இருக்கிற கூட்டத்தில் திறந்த கதவுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. மாட்டிக்கொள்வது எப்போது என்றால், இரண்டே இரண்டு பேர், இரண்டு பேர் கதவும் மூடியிருக்கும்போது. இவன் போனால் அங்கே வாட்ச்மேன் விரட்டுகிறார். அவர் வந்தால் இங்கே விரட்டுகிறார். ரெண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு "அவன் வரவே மாட்டேங்குறான்"னு ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்ல வேண்டியதுதான்.

என் ஈ-மியூல் 'லோ ஐடி'யும் இதுதான். லோ ஐடியும் லோ ஐடியும் ஒட்டவே ஒட்டாது. ஹாஸ்டல்களில் டிசி ப்ளஸ் ப்ளஸ் கொடிகட்டிப் பறந்த காலத்தில் 'பேஸிவ் மோட்' என்று ஒன்று இருந்ததே, உங்கள் சீனியரின் சீனியரைக் கேளுங்கள், ரெண்டு பேஸிவ் பார்ட்டிகள் ஃபைல் மாற்ற முடியாது என்று சொல்வார். சாஃப்ட்வேர் எல்லாம் மாறிவிட்டது, வாட்ச்மேன் மட்டும் மாறவே இல்லை!

உங்கள் கதவு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, க்யூபிட்டோரண்ட் வைத்திருப்பவர்கள் ஜன்னலின் அடியில் இருக்கிற குட்டிப் படத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோங்கள். 'ஆன்லைன்' என்று வந்தால் வெளியாள் வந்து போகிறார்கள், ஜாலி. 'நோ டைரக்ட் கனெக்‌ஷன்ஸ்' என்று வந்தால் இதுவரை யாரும் உள்ளே வரவில்லை. 'ஆஃப்லைன்' என்றால் சாஃப்ட்வேரால் வாசலையே திறக்க முடியவில்லை, போர்ட் எண்ணை மாற்றுங்கள். பழைய 6881 முதல் 6889 வரையிலான எண்களை விட்டுவிட்டு, 49152-க்கு மேலே ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

திறப்பது எப்படி? ரவுட்டரில் யு.பி.என்.பி. என்று ஒரு ஆப்ஷன் இருக்கும். அதை ஆன் செய்தால் டோரண்ட் சாஃப்ட்வேரே வாட்ச்மேனிடம் போய், "இந்த நம்பரைக் கேட்டு யார் வந்தாலும் 12-ம் ரூமுக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிடும். அது சரிப்படவில்லை என்றால், போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் நாமே எழுதிவைக்கலாம். அப்புறம் போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதிக்கிற வெப்சைட்டில் பாருங்கள். பார்க்கும்போது டோரண்ட் சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ரூமில் ஆளே இல்லாதபோது கதவைத் தட்டிவிட்டு 'பூட்டியிருக்கு' என்று புலம்பக் கூடாது. இதில் பல்பு வாங்கியவன் நானே.

இன்னொரு கதவு விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. சாஃப்ட்வேரை முதல் தடவை திறக்கும்போது "இதை அனுமதிக்கவா?" என்று ஃபயர்வால் ஒரு கேள்வி கேட்கும். நாம் படிக்காமலேயே 'கேன்சல்' அமுக்கிவிடுவோம். கேன்சல் என்றால் 'அப்புறம் சொல்றேன்' இல்லை மக்கா, 'உள்ளே விடாதே' என்று சட்டமே எழுதிவிடும். ஃபயர்வால் செட்டிங்ஸில் அனுமதிக்கப்பட்ட ஆப்களின் லிஸ்ட்டுக்குப் போய், உங்கள் டோரண்ட் சாஃப்ட்வேருக்கு டிக் போடுங்கள். அதற்காக மொத்த ஃபயர்வாலையும் அணைக்கச் சொல்கிற அப்பாடக்கர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். ஒரு விருந்தாளிக்காக வீட்டுச் சுவரையே இடிப்பார்களா?

வி.பி.என். பார்ட்டிகளுக்கு ஒரு வார்த்தை. அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்' என்ற இடத்தில் வி.பி.என்.னைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஒரு மாசம் கழித்து வி.பி.என்.னை நிறுத்திவிடுவீர்கள். டோரண்ட் அங்கேயே காத்துக்கொண்டு கிடக்கும், வேகம் ஜீரோ. மறந்துபோன அந்த ஒரு டிக்கால் போன தூக்கம் நிறைய.

தம்பி கதைக்கு வருவோம். ஃபயர்வால் சரி. யு.பி.என்.பி. ஆன். ஆனாலும் 'நோ டைரக்ட் கனெக்‌ஷன்ஸ்'. ரவுட்டர் பக்கத்தில் வேன் ஐ.பி. என்று ஒரு எண் இருக்கும், அதைப் படிக்கச் சொன்னேன். 100.72 என்று ஆரம்பித்தது. "என் ஐ.பி. என்ன?" என்று கூகுளைக் கேட்டால் வேறு ஏதோ ஒரு எண்.

"தம்பி, உன் வீட்டு வாட்ச்மேன் பாவம், அவர் மேல தப்பில்லை. தெரு முனையில இன்னொரு வாட்ச்மேன் இருக்கார்."

உலகத்தில் பழைய முறை ஐ.பி. அட்ரஸ்கள் மொத்தமே சுமார் 430 கோடிதான். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு காலி. அதே ஆண்டு ஏப்ரலில் நம்ம ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பும் கடைசித் துண்டுக்கு வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு அட்ரஸ் கொடுக்க முடியாததால், இன்டர்நெட் கம்பெனிகள் பல வீடுகளைச் சேர்த்து ஒரே அட்ரஸுக்குப் பின்னால் உட்கார வைத்தன. இதற்கு சி.ஜி.நாட் என்று பெயர். இதற்காகவே 2012-ல் ஒதுக்கிய எண்கள்தான் 100.64-ல் ஆரம்பித்து 100.127 வரை. உங்கள் ரவுட்டரின் வேன் ஐ.பி. அதற்குள் இருந்தால், நீங்கள் கேட்டட் கம்யூனிட்டியில் குடியிருக்கிறீர்கள். வீட்டு வாட்ச்மேனிடம் எத்தனை தடவை எழுதிக் கொடுத்தாலும் தெரு முனை வாட்ச்மேன் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் பெரும்பாலும் இதே நிலைமைதான்.

10 அல்லது 192.168 என்று ஆரம்பித்தாலும் உங்களுக்கு மேலே இன்னொரு வாட்ச்மேன் இருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் அவர் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்! கம்பெனிக்காரன் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் நீங்கள் கடையில் வாங்கிய ரவுட்டரை மாட்டியிருப்பீர்கள், அதனால் ரெண்டு வாட்ச்மேன். கடை ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' மோடுக்கு மாற்றினால் ஒருவர் ரிட்டயர்டு ஆகிவிடுவார்.

ஓசூர் சீனியருக்கும் போன் போட்டோம். அவருடைய பி.ஜி.யில் இருக்கிற ரவுட்டரில் எண் என்ன? அதுவும் 100.90 சொச்சம். முடிந்தது கதை. இரண்டு பக்கமும் தெரு முனை வாட்ச்மேன்.

இந்த நிலைமைக்கு நெட்டில் வைத்தியம் தேடினால் பாட்டி வைத்தியமாகக் கொட்டும். 'டிசிபிஐபி பேட்ச் போடு' என்பது அதில் ஒன்று. 2004-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, ஒரே நேரத்தில் பாதி திறந்த கனெக்‌ஷன்கள் பத்துக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது. அதைத் தளர்த்த வந்த பேட்ச் அது. 2009-ல் விஸ்டா சர்வீஸ் பேக் 2-லேயே அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். செத்துப்போன நோய்க்கு இன்னும் மருந்து விற்கிறார்கள், மருந்துக்குள் வைரஸ். சில நேரம் பேர்பெற்ற கடையிலும் ஏமாறலாம். 2015-ல் மியூடோரண்ட்டோடு சேர்ந்து எபிக் ஸ்கேல் என்ற க்ரிப்டோ மைனிங் சாஃப்ட்வேரும் வந்து உட்கார்ந்துகொண்டது என்று பெரிய ரகளை நடந்தது. விளம்பரம் இல்லாத, சோர்ஸ் கோடு வெளிப்படையாக இருக்கிற க்யூபிட்டோரண்ட், டிரான்ஸ்மிஷன் மாதிரி ஒன்றை அதன் சொந்த சைட்டிலிருந்தே எடுங்கள்.

'கனெக்‌ஷன் எண்ணிக்கையை 2,000 ஆக்கு' என்று இன்னொரு வைத்தியம். வீட்டு ரவுட்டர் சின்ன நோட்டு வைத்திருக்கிற வாட்ச்மேன். 2,000 பேரை எழுதச் சொன்னால் மயக்கம் போட்டு விழுவார், அக்கா பார்க்கிற சீரியலும் நின்றுபோகும். இருநூறு, முந்நூறு போதும். அப்லோடை அளவில்லாமல் விட்டாலும் டவுன்லோட் படுக்கும். 'வந்து சேர்ந்தது' என்று நீங்கள் அனுப்புகிற ரசீதும் அதே அப்லோடு பாதையில்தான் போக வேண்டும். பாதை அடைத்துக்கொண்டால் ரசீது லேட், ரசீது லேட்டானால் அடுத்த சரக்கு லேட். உங்கள் அப்லோட் வேகத்தில் 70, 80 சதவீதத்துக்கு ஒரு லிமிட் வைத்துவிடுங்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டு, டெபியன் டெஸ்ட்டும் ஜீரோ, டி.ஹெச்.டி. எண்ணிக்கையும் ஜீரோ என்றால், நடுவில் யாரோ வேண்டுமென்றே தடுக்கிறார்கள். இப்படி ஒரு கேஸை உலகமே பார்த்தது. 2007-ல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ராப் டோபோல்ஸ்கி என்ற நெட்வொர்க் இன்ஜினீயர். அவருக்குப் பழங்காலத்து 'பார்பர்ஷாப் குவார்டெட்' பாட்டுகள் மேல் பைத்தியம். காப்புரிமை முடிந்துபோன அந்தப் பாட்டுகளைப் பகிரப் பார்த்தால், யாருக்குமே போகவில்லை. அவரும் நம்மை மாதிரி செட்டிங்ஸையெல்லாம் நோண்டினார். ஆனால் ஃபார்மட் அடிக்கவில்லை. கம்பியில் போகிற வருகிற பாக்கெட்டுகளைப் பிடித்துப் படித்தார். அவரிடமிருந்து வந்த மாதிரியும் எதிராளியிடமிருந்து வந்த மாதிரியும் 'பேச்சை முடிச்சுக்கலாம்' என்று சொல்கிற போலி ரீசெட் பாக்கெட்டுகள் நடுவில் சொருகப்பட்டிருந்தன. சொருகியது காம்காஸ்ட், அவருடைய இன்டர்நெட் கம்பெனி. அந்த அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் பைபிளை டோரண்ட்டில் அனுப்பி சோதித்துப் பார்த்து, உண்மைதான் என்று செய்தி போட்டது. 2008 ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அதை நிறுத்தச் சொன்னது. 2010 ஏப்ரலில் கோர்ட், ஆணையத்துக்கு அப்படி உத்தரவு போட அதிகாரம் இல்லை என்று அதை ரத்து செய்தது வேறு கதை. ஒரு பாட்டு போகவில்லையே என்று பொறுமையாக உட்கார்ந்து பார்த்த ஒரு ஆளால் நாடே இதைப் பற்றிச் சண்டை போட்டது!

நம் காலேஜ் நெட்வொர்க்கில் தடுப்பதற்கு அவ்வளவு துப்பறிய வேண்டாம். அட்மின் சாரே போர்டு மாட்டியிருப்பார். அங்கே சந்து பொந்து தேடி சஸ்பென்ஷன் வாங்காதீர்கள். ஆனால் நியாயமான தேவை இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள். "சார், லேப்ல அறுபது பேர் உபுண்டு போடணும், ஒவ்வொருத்தரும் 6 ஜி.பி. இறக்கினா 360 ஜி.பி. ஆகும். ஒரே மெஷின்ல இறக்கிக்கிறோம்" என்று சொன்னால் அவரே சந்தோஷப்படுவார். ஒருவரிடம் வந்துவிட்டால், 'லோக்கல் பியர் டிஸ்கவரி' டிக் போட்டிருக்கிற மற்ற லேப்டாப்புகள் ஒரே நெட்வொர்க்குக்குள் அவரைத் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். வெளி இன்டர்நெட் தேவையே இல்லை. வைஃபையில் ஒரு மெஷினை இன்னொன்று பார்க்கவிடாமல் 'ஐசொலேஷன்' போட்டிருந்தால் மட்டும் நடக்காது. அப்போது சின்னதாக ஒரு ஸ்விட்ச்சும் நான்கு கேபிளும் போதும்.

படம்? கேட்பீங்கன்னு தெரியும். நேற்று ரிலீஸான படத்தை டோரண்ட்டில் எடுக்கிறவர் வாங்குபவர் மட்டுமில்லை, எடுத்துக்கொண்டிருக்கும்போதே மற்றவர்களுக்குக் கொடுக்கவும் செய்கிறார். காப்பிரைட் சட்டத்தின் 63-ம் பிரிவில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை ஜெயில், 50,000-லிருந்து 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. உங்கள் ஐ.பி. அந்தக் கூட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதற்கு ட்ரபிள்ஷூட்டிங் இந்தப் பக்கத்தில் கிடையாது, எஸ்கேப்!

ஓகே, வாழை இலை. சனிக்கிழமை மதியம் ஆகிவிட்டது. என்னென்ன வழி இருக்கிறது? கம்பெனியில் கேட்டுத் தனி பப்ளிக் ஐ.பி. வாங்கலாம். காசும் ஆகும், திங்கட்கிழமைக்குள் நடக்காது. புது முறை ஐ.பி., அதாவது வெர்ஷன் 6, இரண்டு பக்கமும் இருந்தால் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி அட்ரஸே கிடைக்கும், தெரு முனை வாட்ச்மேனே தேவையில்லை. வீட்டு ரவுட்டரின் ஃபயர்வாலில் மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். தம்பி பக்கம் இருந்தது. சீனியரின் பி.ஜி. ரவுட்டரில் இல்லை. ரவுட்டர் பாஸ்வேர்டு ஓனர் கையில், ஓனர் திருப்பதியில்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. ரெண்டு பேர் கதவும் மூடியிருந்தால், திறந்த கதவு வைத்திருக்கிற மூன்றாவது ஆள் ஒருத்தர் வேண்டும். இந்தப் பக்கமிருந்தும் அவரிடம் போகலாம், அந்தப் பக்கமிருந்தும் போகலாம்.

"உன் சொந்தக்காரங்கள்ல, ஃப்ரெண்ட்ஸ்ல, ரவுட்டர் நம்பர் 100, 10, 192 எதுலயும் ஆரம்பிக்காத ஆள் யாராவது இருக்காங்களான்னு விசாரி."

பாவம், பன்னிரண்டு பேருக்குப் போன் போட்டிருக்கிறான். "ரவுட்டர் நம்பர் என்ன?" என்று கேட்டால் பாதிப் பேர் கஸ்டமர் கேர் நம்பரைச் சொன்னார்களாம். கடைசியில் மதுரையில் அவன் அத்தான். ஆபீஸ் வேலைக்காகப் பப்ளிக் ஐ.பி. வாங்கி வைத்திருக்கிறார். அத்தான் அதே டோரண்ட்டைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, யு.பி.என்.பி.யை ஆன் செய்தார். நான் போன் லைனில்.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. ரெண்டாவது நிமிஷம், அத்தான் திரையில் ஓசூர் தெரிந்தது. பக்கம் பக்கமாக வர ஆரம்பித்தது. முழுசாக வரும் வரை தம்பி காத்திருக்கத் தேவையில்லை, அதுதான் டோரண்ட்டின் அழகு. அத்தானிடம் வந்த பக்கம் அடுத்த செகண்டே திருநெல்வேலிக்குப் போனது. ஓசூர் பி.ஜி.யில் அப்லோட் வேகம் 16 மெகாபிட், அதாவது செகண்டுக்கு 2 எம்.பி. 38 ஜி.பி.க்கு ஐந்தரை மணி நேரம் என்று கணக்குப் போட்டோம். பி.ஜி.யில் சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்ததில் வேகம் படுத்து, முடியும்போது ஞாயிறு அதிகாலை 3.40.

தம்பி எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தான். 100 சதவீதம். சீட்: 2. கீழே ஒரு வரி: "அண்ணா, இதை இப்பவே நிறுத்திடலாமா, இல்ல ஓடட்டுமா? ஜூனியர் பசங்க ரெண்டு பேர் கேக்குறாங்க."

ஓடட்டும்னு சொல்லியிருக்கேன். மதுரை அத்தானுக்கு கரண்ட் பில் எகிறினால் மட்டும் எனக்குப் போன் பண்ண வேண்டாம்னும் சொல்லியிருக்கேன்.